டர்போ மாட்டிய காருக்கு எந்தப் பெட்டி?

காருக்கு டர்போ மாட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் டர்போவைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு பெரிய டர்போ, எத்தனை பவுண்டு பூஸ்ட், எத்தனை குதிரைத்திறன் என்று போகும். கடைசியில்தான் டேஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்குப் பக்கத்திலோ ஒளிந்து கிடக்கும் அந்தச் சின்ன உலோகப் பெட்டியின் ஞாபகம் வரும். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று முடிவு செய்யும் பெட்டி அது. ஈ.சி.யு. என்பார்கள். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக்குச் சரியான பெட்ரோலும் சரியான தீப்பொறியும் கிடைக்கிறதா என்பதில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது.

தொழிற்சாலையில் டர்போ இல்லாமல் பிறந்த காருக்கு வீட்டுக் கராஜில் டர்போ மாட்டுகிறவர்கள், கடந்த முப்பது நாற்பது வருடங்களாக இந்தப் பெட்டி விஷயத்தில் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பது ஒரு சுவாரசியமான சரித்திரம். முதலில் பெட்டியை ஏமாற்றினார்கள். பிறகு காசு கொடுத்து வேறு பெட்டி வாங்கினார்கள். அதுவும் கட்டுப்படியாகாமல் போனபோது தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போவின் அழுத்தத்தில் ஓடும்போது இந்த விகிதத்தை 12-க்கு அருகில் கொண்டுவருவார்கள், அதாவது கொஞ்சம் அதிகமாகவே பெட்ரோல் ஊற்றுவார்கள். அந்த உபரி பெட்ரோல் ஆவியாகிச் சிலிண்டரைக் குளிர வைக்கும். காற்றைத் திணித்துவிட்டுப் பெட்ரோலைக் குறைத்தாலோ, தீப்பொறியைச் சீக்கிரம் கொடுத்தாலோ வருவதுதான் நாக்கிங். தீ பரவிவந்து எரிக்க வேண்டிய கலவை, அதற்கு முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துவிடுகிறது. சுத்தியலால் அடிப்பது போன்ற அடி. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், மேல்பரப்பு உருகும். முழு பூஸ்ட்டில் இதற்குச் சில விநாடிகள் போதும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் நான்கு வீச்சுகளும் 20 மில்லி விநாடியில் முடிந்துவிடுகின்றன. அந்த வேகத்தில் ஒரு டிகிரி டைமிங் என்பது ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்கு! பெட்டி தப்பாக நினைத்தால் திருத்திக்கொள்ள நேரம் எங்கே இருக்கிறது?

பெட்டியே இல்லாத காலத்திலும் டர்போ கார்கள் இருந்தன. 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற காரைக் கொண்டுவந்தது. 215 கன அங்குல அலுமினிய வி8 எஞ்சின், 215 குதிரைத்திறன். அதன் கம்ப்ரெஷன் விகிதம் 10.25. டர்போ எஞ்சினுக்கு இது ரொம்பவே அதிகம். நாக்கிங்கைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும், பூஸ்ட் ஏறும்போது அது எஞ்சினுக்குள் தெளிக்கப்படும். டர்போ ராக்கெட் திரவம் என்று பெயர் வேறு. தொட்டி காலியானால் பூஸ்ட்டைத் தடுக்கும் வால்வும் இருந்தது. வாங்கிய பலர் திரவத்தை நிரப்ப மறந்தார்கள், கார் மந்தமாக ஓடியது, 1963-ஓடு கதை முடிந்தது. இரண்டு வருடத்தில் பத்தாயிரம் கார்கள்கூடத் தயாராகவில்லை. பின்னர் பல கார்களிலிருந்து டர்போ கழற்றப்பட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டப்பட்டது. பொறியாளர்கள் மோசமில்லை. நேரத்துக்கு நேரம் மாறும் நிலைமையைக் கவனித்து முடிவெடுக்க அந்த எஞ்சினில் எதுவும் இல்லை. அந்தப் பொறுப்பு கார் ஓட்டியின் தலையில் விழுந்தது.

கவனித்து முடிவெடுக்கும் கருவி அதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-ல் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு பெட்ரோல் தெளிப்பு முறையை அறிவித்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது வந்தது. அன்றைய மின்னணு பாகங்கள் காரின் வெப்பத்தையும் குலுக்கலையும் தாங்கவில்லை. விற்றதே சில டஜன் கார்கள், அவற்றிலும் பெரும்பாலானவை கார்புரேட்டருக்குத் திரும்பின. பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கைக்குப் போய், 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன. 'டி' என்றால் ஜெர்மன் மொழியில் அழுத்தம்.

இந்த 'டி'-யில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழி. ஒன்று, காற்று நுழையும் மானிஃபோல்டில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, எஞ்சின் சுற்றும் வேகத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுவது. டி-ஜெட்ரானிக் இந்த ஜாதி. இன்னொன்று, காற்று வரும் பாதையிலேயே ஒரு மீட்டரை வைத்து நேரடியாக அளப்பது. 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக் இந்த ஜாதி, 'எல்' என்றால் காற்று. அதில் காற்று ஒரு கதவு மாதிரியான மடலைத் தள்ளும், மடல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பெட்டி படித்துக்கொள்ளும்.

முதல் வழியில் ஒரு தொல்லை. அந்த எஞ்சின் எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றை இழுக்கும் என்ற விவரம் பெட்டிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் தேய்ந்தாலோ, கேம் ஷாஃப்ட்டை மாற்றினாலோ கணக்கு பிசகும். மீட்டருக்கு அந்தக் கவலை இல்லை, வருகிற காற்றை அளந்து சொல்லிவிடும். கார் கம்பெனிகளுக்கு மீட்டர் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் பிற்காலத்தில் கராஜில் டர்போ மாட்டியவர்கள் நேர் எதிர்த் திசையில், அழுத்தத்தை அளக்கும் பழைய வழிக்கே திரும்பினார்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

1970-களின் இறுதியில் டர்போ மறுபடி தலைதூக்கியது. 1977-ல் அறிமுகமான சாப் 99 டர்போ, பாஷின் கே-ஜெட்ரானிக் என்ற இயந்திரவழித் தெளிப்பு முறையில் ஓடியது. நாக்கிங்கைத் தவிர்க்க கம்ப்ரெஷன் விகிதத்தை 7.2 வரை இறக்கி வைத்திருந்தார்கள். பாதுகாப்புதான், ஆனால் பூஸ்ட் வராத நேரத்தில் எஞ்சின் சோம்பிக் கிடக்கும், பெட்ரோலும் குடிக்கும். இதற்குச் சாப் கண்டுபிடித்த தீர்வு ஏ.பி.சி. எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சாரை முடுக்கி நாக்கிங்கைக் 'கேட்பது', கேட்டவுடன் பூஸ்ட்டைக் குறைப்பது. 1982 மாடல் சாப் 900 டர்போவில் இது வந்தபோது கம்ப்ரெஷன் விகிதம் 8.5-க்கு ஏறியது. அதற்குள் 1979-ல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பாஷ் மோட்ரானிக் வந்துவிட்டது. பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டி கவனித்துக்கொண்டது. அதன் வாரிசைச் சுமந்த 1.5 லிட்டர் பி.எம்.டபிள்யூ. டர்போ எஞ்சினோடு பிரபாம் காரில் ஓடிய நெல்சன் பிகே, 1983-ல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். டர்போ காரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

பந்தயக் குழுவுக்குப் பின்னால் பாஷ் பொறியாளர்கள் நின்றார்கள். சனிக்கிழமை மதியம் கராஜில் ஸ்பேனரோடு நிற்பவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? ஒருவரும் இல்லை. அவன் கதைக்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஒரு ஜப்பானியக் கார்.

மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு பேர் உட்காரும், கூரையைத் திறந்துகொள்ளும் சின்னக் கார். 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். ஓட்ட அவ்வளவு இன்பமான காருக்கு இன்னும் கொஞ்சம் சக்தி இருந்திருக்கலாமே என்று ஏங்காதவர்கள் குறைவு. மாஸ்டா 323-ல் டர்போவோடு வந்த எஞ்சினும் இதே பி6 குடும்பம் என்பதால் அடித்தளம் உறுதியானது. 1997 வரை முதல் தலைமுறைக் கார்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் தயாராயின. ஆக, டர்போ மாட்ட ஆசைப்படுகிறவர்களும் ஏராளம், பழைய கார்களும் ஏராளம்.

அந்த 1.6 லிட்டர் காரில் இருந்தது மடல் வைத்த காற்று மீட்டர். 116 குதிரைத்திறனுக்கு வேண்டிய காற்றை அளக்க அது தாராளம். டர்போ மாட்டி 200 குதிரைத்திறனுக்குப் போனால்? ஒரு கட்டத்தில் மடல் முழுவதும் திறந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் பெட்டிக்கு ஒரே அளவுதான் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. பெட்ரோல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 சிசி பெட்ரோல் என்று வைத்தால், 200-க்கு 1200 சிசி. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 300. இன்ஜெக்டரை எண்பது சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைப்பது நல்லதில்லை என்பதால் 375 சிசி இன்ஜெக்டர் வேண்டும். டர்போ இல்லாமல் 116-க்கு இதே கணக்கைப் போட்டால், குதிரைத்திறனுக்கு 5 சிசி வீதம், 180 சிசி சொச்சத்தில் முடிந்துவிடும். மாஸ்டா தேவைக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கும், இரண்டு மடங்கு வைத்திருக்காது. எந்தக் கம்பெனிதான் வைக்கும்?

முதல் தந்திரம், பெட்டியையும் இன்ஜெக்டரையும் தொடாமல் பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவது. பூஸ்ட் ஒரு பங்கு ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பல பங்கு ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்றைக் குழாயில் சேர்த்துவிடுவார்கள். 1990-களில் பல டர்போ கிட்டுகள் இப்படித்தான் வந்தன. டர்போ பிரியர்கள் பரவலாகப் படித்த 'மேக்ஸிமம் பூஸ்ட்' என்ற 1997-ம் வருடப் புத்தகத்தை எழுதிய கார்க்கி பெல், எம்எக்ஸ்-5-க்கு டர்போ கிட் செய்து விற்றவர்களில் ஒருவர், இந்த ரெகுலேட்டர் முறையில் கைதேர்ந்தவர். மலிவானது, எளியது, குறைந்த பூஸ்ட்டுக்கு வேலையும் செய்யும். ஆனால் இயற்பியல் ஒரு வரம்பு போடுகிறது. இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு ஆக வேண்டும். மூன்று பார் அழுத்தத்துக்குச் செய்த பம்ப்பிடம் பன்னிரண்டு பார் கேட்டால் அது எங்கே போகும்? அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவும் குறைந்துகொண்டே வரும்.

தீப்பொறிக்கு இன்னொரு தந்திரம். டைமிங்கைக் காட்டும் கேம் ஆங்கிள் சென்சாரைக் கையால் கொஞ்சம் திருப்பி, எல்லா வேகத்திலும் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடுவது. பூஸ்ட்டில் எஞ்சின் பிழைக்கும். ஆனால் பூஸ்ட் இல்லாமல் ஓடும் மீதி நேரமெல்லாம், அதாவது அன்றாடம் ஓட்டும் பெரும்பகுதி நேரம், கார் மந்தமாக இழுக்கும். பூஸ்ட்டுக்கு ஏற்ப மட்டும் தாமதப்படுத்தும் தனிப் பெட்டிகளும் விற்றன.

அடுத்து வந்ததுதான் ரொம்ப ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க ரொம்ப நவீனமாக இருந்தது. பெரிய இன்ஜெக்டரை மாட்டிவிட்டு, காற்று மீட்டருக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை நுழைப்பது. மீட்டர் சொல்வதை இது மாற்றிச் சொல்லும். இன்ஜெக்டர் இரண்டு மடங்கு பெரியது என்றால், வந்த காற்றில் பாதிதான் வந்தது என்று ஈ.சி.யு.விடம் புளுகும். ஈ.சி.யு. அதை நம்பிப் பாதி நேரம் மட்டும் இன்ஜெக்டரைத் திறக்கும். பெட்ரோல் கணக்கு சரியாகிவிட்டது!

ஆனால் ஈ.சி.யு. அந்தக் காற்றுக் கணக்கைப் பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. தீப்பொறி டைமிங்கையும் அதே எண்ணை வைத்துத்தான் அட்டவணையில் தேடுகிறது. காற்று குறைவு என்றால் எஞ்சினுக்குச் சுமை குறைவு, சுமை குறைவு என்றால் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கலாம். தொழிற்சாலையில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. விளைவு? முழு பூஸ்ட்டில், தீப்பொறியைத் தாமதப்படுத்தியே ஆக வேண்டிய அந்த நேரத்தில், ஈ.சி.யு. அதை முன்னால் கொண்டுபோகிறது. பெட்ரோலுக்குச் சொன்ன பொய்யைத் தீப்பொறியும் நம்பிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவை மாற்றினால் அது இன்னொரு பக்கத்திலும் போய் உட்காரும் என்பது பி.காம். முதல் வருடப் பாடம். இங்கே உட்காருகிற இடம் பிஸ்டன்.

இது போதாதென்று, எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். தொழிற்சாலை சென்சாருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும், கலவை 14.7-க்கு மேலா கீழா என்பது. எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெதுவாக ஓட்டும்போது ஈ.சி.யு. இதை நம்பி, நீங்கள் செய்த மாற்றத்தையெல்லாம் 14.7-க்கே திருத்தப் பார்க்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உதவி வேண்டாதபோது குறுக்கே வரும், வேண்டும்போது கை விரிக்கும். நம் ஊரில் இப்படிச் சில மனிதர்களும் உண்டு.

ஆகவே மூலப் பெட்டியைத் தூக்கிவிட்டு, எண்களை நாமே எழுதக்கூடிய பெட்டியை வைப்பதுதான் சரி. 1980-களின் பிற்பகுதியிலேயே அது கடைக்கு வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1986-ல் ஹால்டெக், 1987-ல் மோடெக், நியூசிலாந்தில் லிங்க். லேப்டாப்பைச் செருகி, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று கட்டம் கட்டமாக நிரப்பலாம். மேலே சொன்ன முடிச்சு அவிழ்வது இங்கேதான். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு மானிஃபோல்டு அழுத்தத்தை அளந்தன. அழுத்த முறையின் குறை, எஞ்சினைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது. கார் கம்பெனிக்கு அது தொல்லை, ஏனென்றால் ஒரே அட்டவணை லட்சம் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும். கராஜ்காரனிடம் இருப்பது ஒரே எஞ்சின், அதற்கு அட்டவணை எழுதவும் அவனே தயார். அழுத்த சென்சாருக்கு மடல் இல்லை, அதனால் முட்டி நிற்கும் எல்லையும் சட்டென்று வராது. 250 கிலோ பாஸ்கல் வரை அளக்கும் சென்சார் என்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டரை மடங்கு வரை கண் தெரியும்.

எல்லாம் சரி, காசு? இந்தப் பெட்டிகள் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்ற வகையில் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய எம்எக்ஸ்-5-ஐயே சில ஆயிரம் டாலருக்கு வாங்கியவனுக்கு இது கட்டுப்படியாகாத கணக்கு. பெட்டிக்கு மேல் டியூனிங் கூலி வேறு. அதனால்தான் ஆபத்து தெரிந்தும் பலர் புளுகுப் பெட்டியோடு நின்றார்கள். இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. இன்று கையில் இல்லாத ஆயிரம் டாலர் நிச்சயம், நாளை உடையப்போகிற பிஸ்டன் வெறும் சாத்தியம். மனிதர்கள் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் எடுக்கும் முடிவும் இதேதானே?

இன்னொரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டர்போ கார்களுக்கென்றே செய்த ஈ.சி.யு.க்கள் பழைய கார்க் கிடங்குகளில் கிடைத்தன. அவற்றின் சிப்பைக் கழற்றி, உள்ளே எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பொறுமையாகக் கண்டுபிடித்து, மாற்றி எழுதித் திரும்பச் செருகினார்கள். 1990-களில் ஈ.எஃப்.ஐ.332 என்று ஒரு முயற்சியும் நடந்தது. மோட்டோரோலாவின் 68332 என்ற 32-பிட் சிப்பை வைத்து, ஆர்வலர்களே முழு ஈ.சி.யு. ஒன்றை வடிவமைக்கப் பார்த்தார்கள். லட்சியம் பெரியது, சாமானியனால் கட்டி ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலும் பெரியது.

ப்ரூஸ் பவ்லிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் அந்தச் சிக்கலிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், குறைவாகச் செய்வது. 2001-ல் அவர்கள் கொண்டுவந்த மெகாஸ்க்வர்ட் ஓர் 8-பிட் சிப்பில் ஓடியது. 8 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃபிளாஷ், வெறும் 512 பைட் ராம்! பெட்ரோல் அட்டவணையில் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 கட்டங்கள். அழுத்த சென்சார் 250 கிலோ பாஸ்கல் வரை, அதாவது டர்போவை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுத்தது. தீப்பொறியை அது தொடவே தொடாது. சர்க்யூட் போர்டும் பாகங்களும் தனித்தனியாக வரும், வாங்கியவர் தானே ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். இருநூறு டாலருக்குள் பெட்டி தயார்.

எம்எக்ஸ்-5 ஆட்கள் இதை உபயோகித்த விதம் அழகு. மூலப் பெட்டியை எடுக்காமல் பக்கத்திலேயே மெகாஸ்க்வர்ட்டை வைத்தார்கள். பெட்ரோல் இவன் பொறுப்பு, தீப்பொறி அவன் பொறுப்பு. இப்போது பெட்ரோலைச் சரிக்கட்ட யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதால், மூலப் பெட்டி உண்மையான காற்றுக் கணக்கைப் பார்த்துச் சுமைக்கு ஏற்றபடி தீப்பொறி கொடுத்தது. பூஸ்ட்டுக்காக இன்னும் தாமதம் தேவைப்பட்டது, மடலும் காற்றுப் பாதையில் இடைஞ்சலாக நின்றது. பிறகு ஆர்வலர்கள் அதே சிப்பில் தீப்பொறிக்கான நிரலையும் எழுதிச் சேர்த்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இரண்டு காயிலோடு ஓடும் எம்எக்ஸ்-5-க்கு அது சுலபமாகப் பொருந்தியது. மீட்டருக்கும் விடை கொடுத்தாயிற்று.

64 கட்டங்களை எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. எந்த எண்ணை எழுதுவது? இதற்குப் பதில் இன்னொரு கருவியிலிருந்து வந்தது. கலவை சரியாக எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடங்களும் பந்தயக் குழுக்களும் மட்டும் வாங்கக்கூடிய விலையில் இருந்த அந்த அளவீடு, 2000-களின் முற்பகுதியில் சில நூறு டாலருக்கு இறங்கியது. அருகில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார, ஒருவர் ஓட்ட, கட்டம் கட்டமாக அட்டவணை நிரம்பியது. மெகாஸ்க்வர்ட்டின் வெற்றியில் பாதியை இந்த சென்சாருக்குக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பெட்டி எவ்வளவு மலிவாக வந்திருந்தாலும், எண்களைக் குருட்டாம்போக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

மலிவு என்பதிலும் ஒரு சின்ன மோசடி உண்டு. பெட்டியின் விலையில் வயரிங் நேரம் சேராது. பற்றவைப்பில் செய்த பிழையைத் தேடும் இரவுகள் சேராது. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆக, ஏசி போட்டால் ஐட்லிங் தடுமாறாமல் இருக்க, எஞ்சின் சூடாகும் வரை கூடுதல் பெட்ரோல் ஊற்ற என்று தொழிற்சாலைப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை ஒருவர் தனியாகச் செய்ய வேண்டும். முழு பூஸ்ட்டில் பறக்கும் கார், சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் ஹால்டெக் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கற்றதைச் சொத்துக் கணக்கில் எழுதுவதா, செலவுக் கணக்கில் எழுதுவதா? இதற்கு ஒரு பாலன்ஸ் ஷீட்டும் பதில் சொல்லாது.

சட்டமும் இந்தத் தேர்வில் தலையிட்டது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓ.பி.டி-2 கட்டாயம். பல மாநிலங்களில் புகைச் சோதனை என்பதே அந்த இணைப்பில் கருவியைச் செருகி ஈ.சி.யு.விடம் விசாரிப்பதுதான். கராஜில் செய்த பெட்டிக்கு அந்த மொழி தெரியாது. அதனால் 1995 வரையிலான எம்எக்ஸ்-5-க்கு ஒரு நியாயம், 1996-க்கு வேறு நியாயம் என்றாகிவிட்டது. எஞ்சினோ அதே எஞ்சின்.

மெகாஸ்க்வர்ட்டின் நிரலை எல்லோரும் படிக்கலாம், ஆனால் அதன் சொந்த வன்பொருளில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேலியும் 2010-களில் தாண்டப்பட்டது. சாதாரண ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோவும், ரஸ்-ஈ.எஃப்.ஐ.யும் முழுத் திறந்த மூலத் திட்டங்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தாங்களே போர்டு செய்து விற்கலாம். இன்னொரு பக்கம், பழைய எம்எக்ஸ்-5-இன் வயரிங்கை வெட்டாமல் மூலப் பெட்டியின் இடத்தில் அப்படியே செருகும் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. இன்று முதல் தலைமுறைக் காருக்கு டர்போ மாட்டும் ஒருவர் காற்று மீட்டரை ஏமாற்றிக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை.

2015-ல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 வேறு கதை. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது, ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, திருட்டுப் பூட்டு முதல் டேஷ்போர்டு முள் வரை எல்லாம் எஞ்சின் பெட்டியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடுங்கினால் பாதிக் கார் ஊமையாகிவிடும். அதனால் அந்தக் காருக்கு டர்போ மாட்டுகிறவர்கள் பொதுவாக மாஸ்டாவின் பெட்டியையே வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்களை மட்டும் திறந்து, டர்போவுக்கு ஏற்றபடி திருத்தி எழுதுகிறார்கள்.